டெலிவிஷன் சொல்லும் கதை

விழாத் தலைமை ஏற்றிருக்கும் தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, இந்த நூலகத்தைக் கண்ணும் கருத்துமாகக் காத்துவரும் நூலகர் ஐயா அவர்களே, பெற்றோர் ஆசிரியர் கழகப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம்.

டெலிவிஷன் என்ற சொல்லின் பிறப்பு, அதைப் பழித்தவர்கள், அதன் உறவுச் சொற்கள் என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். ஊர் கூடித் தேர் இழு என்பார்கள். இந்தச் சொல்லையும் ஊர் கூடித்தான் இழுத்தது. 'டெலி' கிரேக்கம், தொலைவு. 'விஷன்' லத்தீன், பார்வை. 1900இல் பாரிஸில் நடந்த மின்சார மாநாட்டில் இந்தப் பெயரை வைத்துப் பிரெஞ்சில் கட்டுரை வாசித்தவர் கான்ஸ்டன்டின் பெர்ஸ்கி என்ற ரஷ்யர்.

இதற்கு மூத்த சொல் டெலஸ்கோப். அந்தக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். 1611 ஏப்ரல், ரோம் நகரம். ஜனிக்குலம் குன்றில் ஃபெடெரிகோ சேசி என்ற பிரபு கலிலியோவுக்கு விருந்து வைக்கிறார். கலிலியோ கொண்டுவந்த குழாயை லாத்தரன் தேவாலயத்தின் பக்கம் திருப்புகிறார்கள். நகரத்தின் அந்தக் கோடியில் கல்லில் வெட்டிய எழுத்து, இங்கே குன்றின்மேல் நின்று வாசிக்க முடிகிறது! இருட்டியதும் வியாழனைப் பார்க்கிறார்கள்; அதைச் சுற்றும் நிலாக்கள் தெரிகின்றன. சரி, இந்த அதிசயத்துக்குப் பெயர் வேண்டாமா? கலிலியோ தம் நூலில் பெர்ஸ்பிசில்லம் என்று லத்தீனில் எழுதியிருந்தார். விருந்துக்கு வந்திருந்த தெமிசியானி என்ற கிரேக்க அறிஞர்தான் டெலஸ்கோப் என்ற பெயரைக் கொடுத்தார். இரண்டு பாதியும் கிரேக்கம். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

டெலிவிஷனோ கலப்புச் சொல். 'மான்செஸ்டர் கார்டியன்' என்ற ஆங்கில நாளிதழின் ஆசிரியராக இருந்த சி. பி. ஸ்காட், "பாதி கிரேக்கம், பாதி லத்தீன், இதனால் நல்லது விளையாது" என்று சொன்னதாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆட்டோமொபைலும் இதே கலப்புத்தான். யாரும் அதை ஒதுக்கிவைக்கவில்லை.

உறவுச் சொற்கள் இன்னும் நிறைய உண்டு. அவற்றைவிட அவசரமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களை எழுத்துக் கூட்டி மனப்பாடம் செய்து களைத்துப்போகிறார்கள். 'டெலி' என்றால் தொலைவு என்று ஒருமுறை தெரிந்துவிட்டால் டெலிபோன், டெலிகிராஃப் எல்லாம் தாமாகவே புரியும். அதற்கு வகுப்புக்கு ஒரு சொற்பிறப்பு அகராதி வேண்டும். பூட்டிய அலமாரியில் அல்ல, பிள்ளைகளின் கைக்கெட்டும் மேசைமேல்.

ஊர் கூடித் தேர் இழு என்று மறுபடியும் சொல்கிறேன். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வையுங்கள் என்று தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் அகராதிக்கான பணத்தை இன்றே நூலகர் ஐயாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். நன்றி, வணக்கம்.