பிளகின் வழியாக உள்ளே வரும் கட்டளை

நேயர்களுக்கு வணக்கம்.

வேர்ட்பிரஸ் மென்பொருளில் இணையதளம் நடத்துகிறவர்களுக்கும், அதற்குப் பிளகின் என்னும் கூடுதல் வசதி நிரல்களை எழுதுகிறவர்களுக்கும் இன்றைய உரை. எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் என்பது தரவுத்தளத்துக்குப் போகும் கேள்விக்குள் வெளியாள் தன் கட்டளையை நுழைக்கும் ஓட்டை; அதை 1998-லேயே ஹேக்கர்களுக்கான ஃபிராக் இதழ் விளக்கிவிட்டது. இன்றும் அது பிளகின்களில் வந்துகொண்டே இருக்கிறது. தடுப்பதற்கான கருவிகள் வேர்ட்பிரஸ்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைத் தப்பான இடத்தில் வைப்பதுதான் பல நேரங்களில் வினையாகிறது.

ஓட்டை எப்படி உண்டாகிறது? முகவரியில் வரும் ஐடியை ஒரு பிளகின் எடுத்து, "ஐடி 5 உள்ள வரிசையைக் கொடு" என்று தரவுத்தளத்தைக் கேட்கிறது. அந்தக் கேள்வியை வெறுமனே எழுத்தோடு எழுத்தாக ஒட்டித் தயாரித்திருந்தால், 5-க்குப் பதிலாக "5 அல்லது 1 சமம் 1" என்று ஒருவர் அனுப்பலாம். இதில் பிளகின்காரர் எழுதியது எது, வெளியாள் எழுதியது எது என்று தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லுக்குத் தெரியாது. 1 சமம் 1 எப்போதும் உண்மை என்பதால் எல்லா வரிசைகளையும் எடுத்து நீட்டிவிடும்.

எஸ்கேப் செய்தால் போதுமே என்று பலர் நினைக்கிறார்கள். எஸ்கேப் என்பது மேற்கோள் குறிகளுக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடுவது. எண் வரும் இடத்தில் மேற்கோள் குறியே கிடையாதே! "5 அல்லது 1 சமம் 1" என்பதில் எஸ்கேப் செய்ய ஒன்றுமே இல்லை. அது அப்படியே உள்ளே போகும். உரையைச் சுத்தம் செய்யும் சானிடைஸ் டெக்ஸ்ட் ஃபீல்டும் அப்படித்தான். அது எச்டிஎம்எல் குறிகளை நீக்கும். தரவுத்தளத்துக்கு அது காவல் இல்லை.

2024 மார்ச்சில் கண்டறியப்பட்ட லேயர்ஸ்லைடர் பிளகினின் ஓட்டையைப் பாருங்கள். 7.9.11 முதல் 7.10.0 வரையிலான பதிப்புகளில் அது இருந்தது. பாப்அப் காட்டும் பகுதிக்கு வரும் ஐடி எண்ணாக இல்லாவிட்டால், சுத்தம் செய்யப்படாமலே கேள்விக்குள் போனது. லாகின் செய்யாதவரும் அதை அனுப்ப முடிந்தது. 7.10.1-ல் அடைத்தார்கள்.

அந்தக் கேள்வி அமைந்திருந்த விதத்தில், திருடிய தகவலை நேராகத் திரையில் வரவழைக்க வழியில்லை. ஆனாலும் திருடலாம், கடிகாரத்தை வைத்து. "நிர்வாகியின் பாஸ்வேர்ட் ஹாஷில் முதல் எழுத்து, எழுத்து வரிசையின் பின்பாதியில் இருந்தால் 2 விநாடி தூங்கு" என்று ஒரு கேள்வி. ஹாஷ் என்பது பாஸ்வேர்டை உருமாற்றிச் சேமிக்கும் எழுத்துக்கோவை. பதில் தாமதமாக வந்தால் ஆம், உடனே வந்தால் இல்லை. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போனால் ஓர் எழுத்துக்கு 7 கேள்விகள் போதும். வேர்ட்பிரஸ்ஸின் பழைய ஹாஷ் 34 எழுத்து; மொத்தம் 238 கேள்விகள். எல்லாமே ஆம் என்று வந்தால்கூடத் தூக்க நேரம் 8 நிமிடத்தைத் தாண்டாது. பக்கம் உடையாது, பிழைச் செய்தி வராது, தளத்துக்காரருக்கு எதுவும் தெரியாது. வேர்ட்பிரஸ் ஒரு முறைக்கு ஒரு கட்டளையை மட்டுமே ஓட்டுவதால், டேபிளை அழிக்கும் இன்னொரு கட்டளையைப் பின்னால் ஒட்ட முடியாது. ஆகவே சேதம் கண்ணில் படுவதில்லை, திருட்டுதான் நடக்கிறது.

சரியான கருவி வேர்ட்பிரஸ்ஸில் உள்ள பிரிப்பேர் என்னும் ஃபங்ஷன். கேள்வியின் வார்ப்பு தனி, மதிப்பு தனி. எண்ணுக்குச் சதவீதக் குறியும் டி எழுத்தும், உரைக்குச் சதவீதக் குறியும் எஸ் எழுத்தும் வார்ப்பில் இடக்குறியாக நிற்கும்; மதிப்பு பிறகு அங்கே வந்து சேரும். வெளியாள் தந்தது மதிப்பாக மட்டுமே வர வேண்டும், வார்ப்புக்குள் அல்ல. 2017-ல் நெக்ஸ்ட்ஜென் கேலரி பிளகினில் பிரிப்பேரை அழைத்துத்தான் இருந்தார்கள். ஆனால் வெளியாள் தந்த சொல்லை வார்ப்புக்குள்ளேயே ஒட்டிவிட்டு அழைத்தார்கள். அந்தச் சொல்லிலேயே சதவீதக் குறி இருந்தால், அதையும் ஓர் இடக்குறியாக எண்ணிப் பிரிப்பேரே மேற்கோளைச் செருகியது. காவலாளியே கதவைத் திறந்துவிட்டதுபோல ஆயிற்று. 2.1.79 பதிப்பில்தான் அது சரியானது. பிரிப்பேர் என்ற சொல் நிரலில் இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பார்த்து நிம்மதியடைகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வரிசைப்படுத்தும் இடம் இன்னொரு கண்ணி. டேபிளின் எந்தப் பத்தியின்படி, அதாவது எந்தக் காலத்தின் (column) படி, அடுக்க வேண்டும் என்பது மதிப்பு அல்ல, பெயர்; அங்கே டி, எஸ் இரண்டும் உதவா. அல்டிமேட் மெம்பர் பிளகினின் 2.1.3 முதல் 2.8.2 வரையிலான பதிப்புகளில் சார்ட்டிங் என்ற உள்ளீடு வழியாகத்தான் ஓட்டை. பெயர், தேதி, விலை என்று அனுமதிக்கப்பட்ட பத்திகளின் பட்டியலை நிரலிலேயே எழுதி, வந்தது அதில் இல்லையென்றால் வழக்கமான ஒன்றுக்குத் திரும்புங்கள். ஏறுமுகம், இறங்குமுகம் என்பதற்கும் அதே சோதனை. வேர்ட்பிரஸ் 6.2 முதல் பெயர்களுக்கென்றே ஐ எழுத்து இடக்குறி இருக்கிறது. என் கருத்தில் பட்டியல்தான் முதலில், ஐ அதற்குத் துணை.

தளம் நடத்துகிறவர்களுக்கு: பயன்படுத்தாத பிளகினை டிஆக்டிவேட் செய்தால் மட்டும் போதாது, டெலீட் செய்யுங்கள். கோப்பு சர்வரில் இருக்கும்வரை அதை நேராக அழைக்க முடியும். 2024-ல் வேர்ட்பிரஸ் ஆட்டோமேட்டிக் பிளகினில் தாக்கியவர்கள் புது நிர்வாகிக் கணக்குகளை உருவாக்கினார்கள். ஓட்டையுள்ள கோப்பின் பெயரையும் மாற்றிவைத்தார்கள். ஆகவே அப்டேட் செய்த கையோடு யூசர்ஸ் பக்கத்தில் நிர்வாகிகளை எண்ணிப் பாருங்கள். சர்வர் லாகில், அதாவது வந்த அழைப்புகளின் பதிவில், ஸ்லீப் (தூங்கு), யூனியன் (இன்னொரு கேள்வியின் விடையை இணை) என்ற சொற்களைத் தேடலாம். ஆனால் முகவரியில் தெரியாமல் தகவல் அனுப்பும் போஸ்ட் முறையில் வந்தவற்றின் உள்ளடக்கம் வழக்கமான லாகில் பதிவாகாது. ஒரே ஐபி முகவரியிலிருந்து, பிளகின்களுக்கான அழைப்புகளை வாங்கும் அட்மின் ஏஜாக்ஸ் கோப்புக்கு நூற்றுக்கணக்கில் அழைப்புகள் வந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

சந்தேகம் வந்துவிட்டால் எல்லா நிர்வாகிகளின் பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள். கான்ஃபிக் கோப்பில் உள்ள 8 ரகசியச் சாவிகளையும் மாற்றுங்கள். லாகினில் இருக்கும் எல்லோரும் அப்போதே வெளியேற்றப்படுவார்கள். பிறகு பலரும் மறக்கும் ஒன்று: தளத்தின் அமைப்புகளைச் சேமிக்கும் ஆப்ஷன்ஸ் டேபிள். மெயில் அனுப்பும் பாஸ்வேர்டும் பேமென்ட் கேட்வே சாவியும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கின்றன, ஹாஷ் செய்யப்படாமல். அவற்றை வழங்கிய சேவையின் பக்கத்திலேயே ரத்து செய்து, புதிய சாவி வாங்கிப் போடுங்கள்.

வணக்கம்.