சிறுகிழங்கும் வீட்டுக் கடனும்

(பாளையங்கோட்டையில் தை மாதம் நடந்த ஒரு மகளிர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்கா, மதினி, தங்கச்சிமார் எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக் கடனை எப்படிச் சீக்கிரம் அடைத்தீர்கள் என்று பேசச் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் பேங்கில் வேலை பார்த்தவள் இல்லை. வீட்டில் தையல் மிஷின் ஓட்டியவள். எங்க வீட்டுக்காரர் சம்பளத்தில் தவணை போக மிஞ்சியதை வைத்து அடுப்பெரித்தவள். அதனால் அடுப்படியிலிருந்துதான் எனக்குப் பேச வரும். அதற்கு முன்னால் ஒரே ஒரு கணக்கு.

20 லட்சம் ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை 17,356 ரூபாய். முதல் மாதம் அதில் 14,166 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது வெறும் 3,190. கடைசி வரை இப்படியே கட்டினால் மொத்தம் 41 லட்சத்து 65 ஆயிரம். அதே கடனுக்கு முதல் மாதத்திலிருந்து கூடுதலாக 2,000 ரூபாய் கட்டிப் பாருங்கள், ஏறக்குறைய பதினைந்தரை வருஷத்தில் முடிந்துவிடுகிறது. வட்டியில் மிச்சம் ஐந்தரை லட்சம். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தபோது நானே நம்பவில்லை, இரண்டு தடவை போட்டேன்.

நாங்கள் 2010-ல் கடன் வாங்கினோம். மாறும் வட்டி. மறு வருஷமே வட்டி ஏறியது என்று எல்லோரும் புலம்பினார்கள், எங்கள் தவணை மட்டும் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. கடவுள் கண் திறந்துவிட்டார் என்று நினைத்தோம். பிறகு ஒரு நாள் பேங்க் தந்த கடன் கணக்குத் தாளை எடுத்துப் பார்த்தால், 20 வருஷம் என்று கையெழுத்துப் போட்ட கடன் ஏறக்குறைய 25 வருஷமாக நீண்டு கிடக்கிறது. தவணையைத் தொடாமல் காலத்தை இழுத்துவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் கோபத்தில்தான் நான் வரவு செலவுக்கு நோட்டுப் போட ஆரம்பித்தேன். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்தத் தாளை வாங்கி, இன்னும் எத்தனை மாதம் என்ற கட்டத்தைப் பாருங்கள்.

சரி, கூடுதலாகக் கட்டுகிற காசை மிச்சம் பிடிக்கிற அடுப்படிக்கு வருவோம்.

இப்போது தை. மார்க்கெட்டில் சிறுகிழங்கு குவிந்து கிடக்கிறது. பொங்கல் படிக்கு, அதாவது பொங்கல் சீருக்கு, வாங்குவதோடு நம்மில் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறோம். காரணம் விலை இல்லை, தோல் உரிக்கிற வேலை. ஒவ்வொன்றாகக் கத்தியால் சீவ உட்கார்ந்தால் பொழுது போய்விடும். எங்க அத்தை சொல்லித்தந்த வழி இது: கிழங்கை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மண் கரைந்ததும் பழைய சணல் சாக்கில் கொட்டி, வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு, சிமெண்டுத் தரையில் துணி துவைக்கிற மாதிரி முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். சாக்குக்குள் கிழங்கு ஒன்றோடொன்று உரசி முக்கால்வாசித் தோல் போய்விடும். கண் இருக்கிற இடத்தை மட்டும் கத்தி நுனியால் சுரண்டினால் போதும். விரலில் கறை ஏறும், அது இரண்டு நாளைக்குப் போகாது. போகாவிட்டால் போகட்டும். சின்ன வெங்காயம் போட்டு, தேங்காய் அரைத்து விட்டுப் பொரியல் வைத்தால் அன்றைக்கு வேறு கூட்டு தேவைப்படாது.

ஒவ்வொரு மாதமும் மண் எதைத் தருகிறதோ அதைச் சமைப்பதுதான் எனக்குத் தெரிந்த சிக்கனம். தையில் இந்தக் கிழங்கும் பனங்கிழங்கும். சித்திரையில் மாங்காயும் முருங்கைக்காயும். அதே முருங்கைக்காய் கார்த்திகையில் என்ன விலை விற்கிறது என்று உங்களுக்கே தெரியும். அப்போதுபோய் முருங்கைக்காய் சாம்பார்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவரை எங்கள் வீட்டில் நான் பார்த்திருக்கிறேன், பெயர் சொல்ல மாட்டேன்.

சித்திரை வெயிலை வீணாக்காதீர்கள். கத்தரிக்காய் மலிந்த வாரத்தில் நறுக்கி, உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு, மொட்டைமாடியில் காயப்போட்டால் வத்தல். மாங்காயும் அப்படித்தான். மோர்மிளகாய், கூழ்வத்தல் எல்லாம் அந்த வெயிலோடு சரி. 2023 டிசம்பர் 17, 18 மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. நாலு நாள் எங்கள் தெருவில் காய்கறி கண்ணில் படவில்லை. டப்பாவில் இருந்த மாங்காய் வத்தலும் கத்தரி வத்தலும் போட்டுப் புளிக்குழம்பு வைத்தேன். அடுத்த வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் கூட்டாஞ்சோறு. வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போகிறேன் என்றால் வியாழக்கிழமை கூட்டாஞ்சோறு. கூடையில் ஒரு கத்தரிக்காய், பாதி வாழைக்காய், நாலு அவரைக்காய் என்று கிடக்குமே, எல்லாம் அதற்குள் போகும். இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, தேங்காயும் சீரகமும் மிளகாய் வத்தலும் அரைத்தது, கொஞ்சம் புளி. இறக்கும்போது வடகம் தாளித்துக் கொட்டினால் தெருவுக்கே மணக்கும். மிச்சக் காய் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

இப்படி மிச்சம் பிடித்த காசை அஞ்சறைப் பெட்டியில் வைத்தால் அடுத்த மாதம் அது சேலையாகிவிடும். எனக்கு இரண்டு தடவை ஆகியிருக்கிறது. அதனால் மாதக் கடைசியில் நோட்டைக் கூட்டி, மிஞ்சியதை அன்றைக்கே கடன் கணக்கில் கட்டிவிடுவோம். கொஞ்சமாகக் கட்ட விட மாட்டோம் என்று உங்கள் பேங்கில் சொன்னால் மாதாமாதம் பணம் போடுகிற ஆர்.டி. சேமிப்பில் போட்டுவைத்து ஒரு தொகை சேர்ந்ததும் கட்டுங்கள். மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் அபராதம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் பேங்க் 2012-லேயே உத்தரவு போட்டிருக்கிறது. கட்டும்போது, தவணையைக் குறைக்கவா, காலத்தைக் குறைக்கவா என்று கேட்பார்கள். காலத்தைக் குறையுங்கள் என்று எழுதியே கொடுங்கள். முதல் சில வருஷம் கட்டுகிற பணத்துக்குத்தான் பலன் அதிகம். கடைசி வருஷங்களில் வட்டியே கொஞ்சம்தான், அப்போது வயிற்றைக் கட்ட வேண்டாம். ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று கையில் இருப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கடனில் கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

எங்கள் கடன் 2024-ல் முடிந்தது. கடன் தீர்ந்து 30 நாளுக்குள் பேங்க்காரர்கள் மூலப் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், அவர்களால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடாதீர்கள். கடன் தீர்ந்ததற்கு ரசீது ஆவணம் பதிவு செய்துவிட்டு, சொத்தின் மேல் கடன் இன்னும் நிற்கிறதா என்று வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

பத்திரம் வந்த அன்று எங்க வீட்டுக்காரர், கேட்காமலேயே இரண்டு பெரிய தேங்காயோடு வந்து நின்றார். சொதி, எங்க ஊர்த் தேங்காய்ப்பால் குழம்பு, வைக்கத்தான். மூன்று தடவை பால் பிழிந்து, மூன்றாம் பாலில் காயை வேகவைத்து, அடுப்பை அணைத்த பிறகு முதல் பாலை விட்டேன். எல்லாம் இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது, துவையலுக்கு இஞ்சி இல்லை. இஞ்சித் துவையல் இல்லாமல் சொதியா? மறுபடியும் அண்ணாச்சி கடைக்கு ஓடினார்.