பென்னி விலையும் பிரதமர் கோபமும்

நடுவர் ஐயா அவர்களுக்கும், வேலை முடித்த கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் கோபி மக்களுக்கும் வணக்கமுங்க. போர்க்காலக் கேலிச்சித்திரத்தின் பொருளை முடிவு செய்வது வரைந்தவரா, பார்ப்பவரா என்பது தலைப்பு. பார்ப்பவரே என்பது எங்கள் அணி.

எதிரணி அண்ணன், கேலிச்சித்திரக்காரர் டேவிட் லோ வரைந்த படத்தைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். 1939 செப்டம்பர் 20, லண்டன் ஈவினிங் ஸ்டாண்டர்டு நாளிதழ். போலந்து பிணமாகக் கிடக்கிறது. இந்தப் பக்கம் ஹிட்லர், அந்தப் பக்கம் ஸ்டாலின். இருவரும் தொப்பியை எடுத்துக் குனிந்து வணங்குகிறார்கள். "உலகத்தின் கசடு தாங்கள்தானே?" என்கிறார் ஒருவர். "தொழிலாளர்களைக் கொன்ற பாவி தாங்கள்தானே?" என்கிறார் மற்றவர். லோ நினைத்தது அப்படியே எல்லோருக்கும் போய்ச் சேர்ந்ததே என்றார் அண்ணன்.

சேர்ந்தது, சரி. யாரிடம்? ஆகஸ்ட் 23-ல் இரண்டு பேரும் ஒப்பந்தம் போட்டதையும், செப்டம்பர் 1-ல் ஜெர்மனியும் 17-ல் சோவியத் படையும் போலந்துக்குள் புகுந்ததையும் நாள்தோறும் படித்து வந்தவர்களிடம். அது தெரியாத பையனிடம் காட்டினால், பெரிய மனிதர்கள் இரண்டு பேர் கும்பிட்டுக் கொள்கிறார்கள் என்பான். நம் ஊரில் கோபம் முற்றினால் "நல்லா இருக்குதுங்க உங்க நியாயம்" என்று 'ங்க' போட்டே திட்டுவோம். வெளியூர்க்காரர் அதைப் பாராட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டு நிற்பார். பங்காளிக்குத்தான் சுருக்கென்று தைக்கும்.

இனி என் படத்துக்கு வருகிறேன். 1942 மார்ச், லண்டன் டெய்லி மிரர், வரைந்தவர் பிலிப் ஜெக். கப்பல் மூழ்கி, நடுக்கடலில் உடைந்த மிதவையைப் பிடித்துக்கொண்டு ஒரு மாலுமி தனியாகக் கிடக்கிறான். கீழே ஒரே வரி: பெட்ரோல் விலை ஒரு பென்னி உயர்வு, அதிகாரபூர்வ அறிவிப்பு. பென்னி என்றால் இங்கிலாந்தின் சில்லறைக் காசு. அவ்வளவுதான்.

ஜெக் சொல்ல வந்தது சிக்கனம். அந்தப் பெட்ரோல் உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்தது, வீணாக்காதீர்கள் என்பது. பிரதமர் சர்ச்சில் அப்படிப் படிக்கவில்லை. எண்ணெய்க் கம்பெனி லாபம் பார்க்க மாலுமி சாகிறான், அதற்கு அரசு துணை போகிறது என்று படித்தார். உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசனும் அப்படியே. பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, இழுத்து மூடிவிடுவோம் என்று எச்சரித்தார். வெறும் மிரட்டல் இல்லைங்க, 1941 ஜனவரியில் டெய்லி ஒர்க்கர் என்ற கம்யூனிஸ்ட் பத்திரிகையை அதே மாரிசன்தான் மூட வைத்தார். ஜெக்கின் பின்னணியை உளவுத்துறை துருவியது. நாடாளுமன்றத்தில் விவாதம் வேறு.

அவர்களுக்கு அப்படி ஏன் தெரிந்தது? பிப்ரவரி 15-ல்தான் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. அட்லாண்டிக்கில் எண்ணெய்க் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் அடித்துக்கொண்டிருந்தன. தோற்றுக்கொண்டிருந்த அரசுக்கு எந்தப் படத்தைப் பார்த்தாலும் தன்னைக் குத்துவதாகவே பட்டது. சர்ச்சில் முட்டாள் அல்ல, படத்தில் அந்தப் பொருளுக்கும் இடம் இருந்தது. செத்துக்கொண்டிருப்பவனுக்குக் கீழே அரசு அறிவிப்பைப் போட்டால், அரசைக் கேட்கிறான் என்று நினைப்பது அவ்வளவு பெரிய குற்றமா?

இன்னொன்று. அந்த வரி ஜெக் எழுதியதே இல்லை! அவர் வேறு வாசகம் வைத்திருந்தார். அதே மிரரில் 'கசாண்ட்ரா' என்ற பெயரில் எழுதிவந்த வில்லியம் கானர்தான் இதைப் போடச் சொன்னார். கோடு ஒருவருடையது, வரி இன்னொருவருடையது. வரைந்தவர் மனசு, வரைந்தவர் மனசு என்கிறீர்களே அண்ணா, எந்த மனசு?

அதே வருடம் ஆகஸ்டில், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில், நம் சூலூர் விமானத்தளத்துக்குத் தீ வைத்தவர்கள் கையில் இந்தப் படம் கிடைத்திருந்தால் என்ன படித்திருப்பார்கள்? இது என் ஊகம்தான், ஆனாலும் சொல்கிறேன். சிக்கனமும் தெரிந்திருக்காது, கம்பெனி லாபமும் தெரிந்திருக்காது. "யாருடைய போருக்கு யாருங்க சாகிறது?" என்றுதான் கேட்டிருப்பார்கள். லண்டனில் உட்கார்ந்திருந்த ஜெக் கனவிலும் நினைக்காத பொருள் அது. அதைத் தப்பு என்று சொல்ல எதிரணிக்குத் துணிச்சல் உண்டா?

அடுத்து வரும் எதிரணி அம்மணி ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். வரைந்தவர் நினைத்ததுதான் பொருள் என்றால், "நான் சிக்கனத்தைத்தான் வரைந்தேன்" என்று ஜெக் சொன்னதோடு வழக்கு முடிந்திருக்க வேண்டுமே, ஏனுங்க முடியவில்லை? மணி அடித்துவிட்டார்கள், உட்காருகிறேன்.