பழகிய கையே! (பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணிக்கும், மின்விசிறி எட்டாத வரிசையிலயும் எழுந்து போகாம இருக்கிற மயிலாப்பூர் பெருமக்களுக்கும் வணக்கம். எனக்கு ஏழே நிமிஷம். வணக்கத்தை இதோட நிறுத்திக்கிறேன்.

தலைப்பு ஞாபகம் இருக்கா? காலமெல்லாம் பிலிம்ல படம் எடுத்தவர் டிஜிட்டல் கேமரா வாங்கப் போனா எதை நம்பணும்? புதுசா வந்த வசதியையா, பழகிய கையையா? நான் கை கட்சி. உடனே சத்தியமூர்த்தி பவன் பக்கம் பார்க்காதீங்க, இது வேற கை.

எதிரணித் தலைவர் பேசிட்டுப் போகும்போது ஒண்ணு சொன்னார். "பிலிம்காரன் டிஜிட்டல் கேமரா வாங்கினா, பின்பக்கம் திறந்து ரோல் எங்கேன்னு தேடுவான்." நீங்களும் கை தட்டினீங்க. நல்லாத் தட்டினீங்க. ஐயா, அவர் ரோலைத் தேட மாட்டார். வேற ஒண்ணைத் தேடுவார். எதைன்னு எங்க பெரியப்பாவைக் கேட்டா தெரியும்.

பெரியப்பா திருவல்லிக்கேணியில கல்யாண போட்டோகிராபர். கையில நிக்கான் எஃப்எம்2 பிலிம் கேமரா. மவுண்ட் ரோடுல ஒரு கடைக்கு என்னையும் கூட்டிக்கிட்டு டிஜிட்டல் வாங்கப் போனார். கடைப் பையன் ஒரு கேமராவை எடுத்து நீட்டினான். பெரியப்பா கண்ணுல வச்சார், 'க்ளிக்'. உடனே வலது கட்டைவிரல் மேல போய் காத்துல ஒரு இழுப்பு இழுத்துச்சு. மறுபடி 'க்ளிக்', மறுபடி இழுப்பு. பையன் பாவம், பார்த்துக்கிட்டே இருந்தான். மெதுவா என் காதுகிட்ட வந்து, "அண்ணே, சாருக்கு கையில நரம்புப் பிரச்சினையா?"

லேட்டா வந்தவங்களுக்காக இன்னொரு தடவை. 'க்ளிக்', இழுப்பு. நரம்பு இல்லீங்க, லீவர்! ஒவ்வொரு படத்துக்கும் பிலிமை நகர்த்தின விரல். கல்யாண வீட்டுல இவர் சும்மா சாப்பிடும்போதுகூட, எதிர் பந்தியில ஒரு கிழவி சிரிச்சா அந்த விரல் அசையும். பாயசம் கொட்டினது எங்க சட்டையில.

எதிரணித் தலைவர் இதுக்கும் சிரிப்பார். சிரிங்க ஐயா. ஆனா 2004-ல எப்சன் கம்பெனி ஆர்-டி1னு ஒரு டிஜிட்டல் கேமரா விட்டாங்க. அதுல இழுக்கிற லீவர் உண்டு! உள்ள பிலிம் கிடையாது, ஷட்டரை ஏத்துறதுக்கு வச்சாங்க. 2023-ல நிக்கான் கொண்டுவந்த இஸட்எஃப் டிஜிட்டல் கேமரா பார்க்கிறதுக்கு அப்படியே எஃப்எம்2. மேல ஷட்டர் ஸ்பீடு டயல், திருகினா 'டக் டக்'குனு நிக்கும். ஜப்பான்காரனுக்கே எங்க பெரியப்பா விரல் மேல மரியாதை இருக்கு. மயிலாப்பூர்ல இல்லையேங்கிறதுதான் என் வருத்தம்!

இன்னொரு பேச்சாளர் மெகாபிக்சல் கூடக் கூட நல்லதுன்னு கணக்கு போட்டார். ஒரு மெகாபிக்சல்னா படத்துல பத்து லட்சம் புள்ளி. 12-க்கு 18 இஞ்ச் ஆல்பம் பக்கத்துக்கு, இஞ்சுக்கு 300 புள்ளி வச்சாலும் 2 கோடிப் புள்ளிகூட வராது. 24 மெகாபிக்சல் போதும், மிச்சத்தை ஹார்ட் டிஸ்க் விக்கிறவர் பார்த்துக்குவார்.

கடைக்கு வர்றேன். பையன் காட்டினது சின்ன சென்சார் கேமரா. சென்சார்னா பிலிம் இருந்த இடத்துல வெளிச்சத்தை வாங்கிக்கிற சில்லு. "இதுதான் சார் நல்லா போகுது." பெரியப்பா கைக்குட்டையில சுத்தி வச்சிருந்த தன்னோட பழைய 50 எம்எம் லென்ஸை எடுத்து மாட்டினார். உட்கார்ந்துச்சு, 1959-லேர்ந்து வர்ற எஃப் மவுன்ட், அதாவது நிக்கானோட லென்ஸ் மாட்டுற வாய், இல்லையா! ஆனா மீட்டர் செத்துப்போச்சு. அந்த விலைக்கு வர்ற பாடியில பழைய மேனுவல் லென்ஸ் போட்டா வெளிச்சம் அளக்காது. பையனுக்கு அது தெரியாது. அதோட சென்சார் சின்னதுங்கிறதால 50 எம்எம்ல 75-க்கு உண்டான குறுகின பார்வைதான் கிடைச்சது. குரூப் போட்டோவுல சித்தப்பாவும் சித்தியும் சுவத்துக்கு அந்தப் பக்கம் போயிடுவாங்க. "முழு பிலிம் அளவுல சென்சார் இருக்கிறதைக் காட்டுப்பா"ன்னார். நிக்கான் டி750 வந்துச்சு. லென்ஸ் விவரத்தை மெனுவுல போட்டார், மீட்டர் பேசிச்சு. வாங்கிட்டு வந்துட்டார். தேர்ந்தெடுத்தது வசதியா, கையா?

"நெகட்டிவ்ல ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு வெளிச்சம், தாராளமா வச்ச கை, டிஜிட்டல்ல மாப்பிள்ளை வேட்டியை மடிப்பே தெரியாம வெளுத்துடும்"னு ஒரு குற்றச்சாட்டு. நியாயம்தான். ஆனா ஸ்லைடு ரோல் போட்டவங்களைக் கேளுங்க, அந்த பிலிம்லயும் வெளிச்சம் கூடினா வெளுத்துடும், அதனால வெள்ளையைக் காப்பாத்திட்டுத்தான் மத்ததைப் பார்ப்பாங்க. அதுவும் கைப்பழக்கம்தானே? வேட்டி விவகாரம் அவ்வளவுதான்.

நடுவர் மணியில கை வச்சுட்டார். ஒண்ணே ஒண்ணு.

ரோல்ல 36 படம். முனையை வீணாக்காம மாட்டத் தெரிஞ்சவருக்கு 37-வது ஒண்ணு கிடைக்கும். 36-உம் கல்யாண வீட்டுக்காரருக்கு. அந்த 37-வது எங்க பெரியம்மாவுக்கு. ராத்திரி வீட்டுக்கு வந்து, "இங்க பாரு"ம்பார். அடுப்படியில, கொடியில துணி போடும்போது, தூக்கக் கலக்கத்துல, காய்ச்சல்ல. பெரியம்மாவோட மொத்த ஆல்பமும் அடுத்தவங்க கல்யாண ரோலோட வால்தான். ஊரெல்லாம் பட்டுப்புடவையில எடுத்த மனுஷன், தன் பொண்டாட்டியை ஒரு நாள்கூட ரோலோட முதல் படமா எடுக்கலை.

புது கேமரா வந்த அன்னைக்கு, கார்டுல முதல் படம் பெரியம்மா. எடுத்துட்டு, பழக்கத்துல விரல் இழுத்துச்சு. பெரியம்மா கேட்டாங்க, "எப்போ பிரிண்ட் வரும்?" பெரியப்பா கேமராவைத் திருப்பிக் காட்டினார். பார்த்துட்டு, "பொட்டு கோணலா இருக்குங்க, இன்னொண்ணு எடுங்க"ன்னாங்க. இன்னொண்ணு எடுங்கன்னு அவங்க கேட்டதே அன்னைக்குத்தான். விடிய விடிய எடுத்தார்.

இது எந்த அணிக்குச் சாதகம்னு என்னைக் கேட்காதீங்க. எனக்குக் கண்ணு கலங்குது, உங்களுக்கும் கலங்குது, எதிரணித் தலைவரும் கண்ணாடியைக் கழட்டிட்டார்.

சரி, அடிச்சிட்டீங்க மணி. நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்க விருப்பம். பெரியம்மா முதல் வரிசையில மூணாவது நாற்காலியில இருக்காங்க. எதிர்த்துச் சொல்றதுன்னா அவங்க முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.