முடிக்காத புராஜெக்டுக்கும் முழு மதிப்பெண்

அனைவருக்கும் வணக்கம். பொறியியல் மாணவர்களுக்குப் புதிய தயாரிப்பு உருவாக்கத்தையும் அதன் மேலாண்மையையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று பேச அழைத்திருக்கிறீர்கள். எதிரே இருப்பவர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். பாடத்திட்டத்தை வாசித்துக் காட்டினால் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் மதிப்பெண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நாம் எதற்கு மதிப்பெண் போடுகிறோம்? கடைசி நாள் மேசைமேல் வந்து உட்காரும் பொருளுக்கு. மோட்டார் சுற்றினால், திரையில் எண் தெரிந்தால், மாணவர் தேறிவிட்டார். இது யாருக்கு வேண்டும், என்ன விலைக்கு வாங்குவார், ஆயிரம் செய்ய முடியுமா என்பதெல்லாம் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிகிற நேரத்தில் போகிற போக்கில் கேட்கப்படும். மாணவர்கள் கெட்டிக்காரர்கள், எதற்கு மதிப்பெண்ணோ அதைச் செய்கிறார்கள். யாருக்கும் வேண்டாத பொருளைப் பிசகில்லாமல் செய்து முடிக்கப் பழகிவிடுகிறார்கள்.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் இரிடியம் என்ற திட்டத்தைப் பாருங்கள். உலகின் எந்த மூலையிலிருந்தும் பேசக்கூடிய செயற்கைக்கோள் தொலைபேசி என்ற யோசனை 1987 வாக்கில் மோட்டோரோலா பொறியாளர்களுக்குத் தோன்றியது. அன்றைக்கு அது நல்ல யோசனைதான். கைபேசி அப்போது அரிது. நாடு மாறினால் பெரும்பாலும் வேலை செய்யாது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1991-ல், ஜிஎஸ்எம் என்கிற டிஜிட்டல் கைபேசிச் சேவை தொடங்கியது. கோபுரங்கள் பெருகின, ரோமிங் வந்தது. இரிடியம் நிற்கவில்லை. 66 செயற்கைக்கோள்கள் கொண்ட வலையமைப்போடு 1998 நவம்பரில் சேவை தொடங்கியது. கருவியோ கனம். கட்டடத்துக்குள்ளே சிக்னல் கிடைப்பது கஷ்டம். வெளியே வந்து வானம் தெரிகிற இடமாகப் பார்த்து நிற்க வேண்டும். 1999 ஆகஸ்டில் திவால். செலவு சுமார் 500 கோடி டாலர். பிறகு அதை வாங்கியவர்கள் கொடுத்தது ஏறத்தாழ 2.5 கோடி டாலர்.

இதில் பொறியியல் தோற்கவில்லை. செயற்கைக்கோள்கள் ஒன்றோடொன்று தொடர்புகொண்டன, அழைப்புகள் போய்ச் சேர்ந்தன. கைமாறிய பிறகு, கோபுரம் எட்டாத இடங்களில் இருப்பவர்களுக்காக அந்தச் சேவை இன்றும் ஓடுகிறது. நம் மதிப்பெண் முறையில் இந்தப் புராஜெக்டுக்கு நூற்றுக்கு நூறு கிடைத்திருக்கும்!

இதை வகுப்பில் கதையாகச் சொல்லிவிடாதீர்கள். ஆண்டு ஆண்டாக வெட்டிக் கொடுங்கள். 1991 வரைக்குமான தகவலை மட்டும் கொடுத்து, ‘இந்தத் திட்டத்துக்குப் பணம் தருவீர்களா?’ என்று கேளுங்கள். அப்புறம் 1994. அப்புறம் 1997, முதல் செயற்கைக்கோள்கள் மேலே போன வருஷம். ‘இவ்வளவு செலவழித்துவிட்டோமே, இனி எப்படி விடுவது?’ என்று யாராவது ஒருவர் கட்டாயம் எழுந்து சொல்வார். அந்த இடத்தில் நிறுத்துங்கள். போட்ட பணம் திரும்பாது. இனிமேல் போடப்போவதற்கு என்ன வரும் என்பதுதான் கணக்கு. புத்தகத்தில் படித்தால் தேர்வோடு போய்விடும். தானே வாதாடித் தோற்றவருக்கு மறக்காது.

ராபர்ட் கூப்பர் 1980-களில் வகுத்த, புதிய தயாரிப்பைக் கட்டம் கட்டமாகச் சோதிக்கும் ஸ்டேஜ்-கேட் முறையைப் பாடமாக வைத்திருப்பீர்கள். ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு கேட்; மேலே போகலாமா, திரும்பச் செய்வதா, கைவிடுவதா என்று அங்கே தீர்ப்பு. மாணவர்கள் பெட்டியும் சாய்சதுரமுமாக அழகாக வரைவார்கள். ஆனால் ஒரு செமஸ்டரில் ஒரு குழுகூடத் தடுக்கப்படவில்லை என்றால், அங்கே இருந்தது கேட் இல்லை, வரவேற்பு வளைவு.

என் யோசனை இது. ஒவ்வொரு குழுவும் மூன்று யோசனைகளோடு வரட்டும். செமஸ்டரின் முதல் மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள் இரண்டைக் கைவிட வேண்டும். ஏன் கைவிட்டோம் என்ற அறிக்கைக்குப் பெரிய பங்கு மதிப்பெண். மூன்றாவதும் நிற்காது என்று பாதி வழியில் ஆதாரத்தோடு காட்டினால் அதற்கும் முழு மதிப்பெண்.

ஆதாரத்துக்கு எங்கே போவார்கள் என்று கேட்பீர்கள். மலிவாகவே கிடைக்கும். 1996-ல் வெளிவந்த பாம் பைலட் என்ற கையடக்க மின்னணு நாட்குறிப்புக்கு, அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் செய்த முதல் மாதிரி ஒரு மரத்துண்டு. சட்டைப்பையில் அடங்கும்படி செதுக்கி, எங்கே போனாலும் எடுத்துப் போனார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து, குச்சியால் எழுதுவதுபோல் பாவனை செய்வார். சர்க்யூட் போர்டு செய்வதற்கு முன்னாலேயே, இந்த அளவு பொருளைச் சுமப்போமா, எப்போது எடுப்போம் என்று தெரிந்துவிட்டது. நம் மாணவர்கள் முதல் வாரமே கணினியில் வடிவமைக்கும் கேட் (CAD) மென்பொருளைத் திறந்துவிடுகிறார்கள். இரண்டாம் வாரம் 3டி பிரிண்டர் முன்னால் வரிசை. அப்படி உழைத்துச் செய்த மாதிரியைத் தூக்கிப்போட யாருக்கும் மனசு வராது. அட்டையிலும் தெர்மாகோலிலும் செய்தால் அந்த ஒட்டுதல் வராது.

வாடிக்கையாளரைச் சந்திப்பதிலும் இதே கோளாறு. ‘இதை வாங்குவீர்களா?’ என்று கேட்டால் முகத்துக்காக ‘ஓ, வாங்குவேனே’ என்பார்கள். ‘போன தடவை இந்தச் சிக்கல் வந்தபோது என்ன செய்தீர்கள்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். ஒன்றும் செய்யவில்லை என்று பதில் வந்தால், அநேகமாகச் சிக்கலே இல்லை.

தயாரிப்புச் செலவைக் குறைக்க, பாகங்களை எளிதாகப் பொருத்தும்படி வடிவமைக்கும் முறையை வகுத்த பூத்ராய்டும் டியூஹர்ஸ்டும் தந்த மூன்று கேள்விகள் போதும். இயங்கும்போது இந்தப் பாகம் மற்றவற்றோடு ஒப்பிட்டால் நகர்கிறதா? வேறு பொருளால்தான் செய்ய வேண்டுமா? தனியாக இல்லாவிட்டால் மற்றவற்றைப் பொருத்தவோ கழற்றவோ முடியாதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்றால் அந்தப் பாகத்தை இன்னொன்றோடு சேர்த்துவிட முடியுமா என்று பார்க்கலாம். பழைய மின்விசிறி ஒன்றைப் பிரித்துப்போட்டு, திருகுகளிலிருந்து இந்தக் கேள்விகளைக் கேட்க ஆரம்பிக்கச் சொல்லுங்கள். ஒரு மதியம் போவது தெரியாது.

எந்த வேலை எப்போது என்று பட்டைகளாகக் காட்டும் கான்ட் சார்ட் பற்றிப் பேச எனக்கு அதிகமில்லை. பெரும்பாலும் வேலை முடிந்தபிறகுதான் அதை வரைகிறார்கள், உங்களுக்கே தெரியும்.

நிறுத்தினாலும் மதிப்பெண் என்றால் சோம்பேறிகள் தப்பித்துக்கொள்வார்களே என்பீர்கள். தப்பிக்க முடியாது. யாரைச் சந்தித்தார்கள், எந்த எண் உதைத்தது, எந்தத் தேதியில் தெரிந்தது என்று பதிவேட்டில் இருக்க வேண்டும். முதல் நாளே எழுதி வைத்த அளவுகோலோடு அது ஒத்துப்போக வேண்டும். சும்மா இருந்தவரிடம் இதெல்லாம் இருக்காது.

உண்மையான சிரமம் வெளித்தேர்வாளர். அவர் வந்ததும் ‘பொருள் எங்கே?’ என்றுதான் கேட்பார். மேசை காலியாக இருந்தால் அவர் பேனா தானாகவே கீழே இறங்கும். ஆகவே மதிப்பெண் பங்கீட்டுத் தாளை அவர் வரும் அன்று கையில் கொடுக்காதீர்கள். ஒரு வாரம் முன்பே அனுப்பி, கைவிட்ட யோசனைகளின் அறிக்கையையும் படித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.