சுசீந்திரத்து நெய்க் கொப்பரை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

என் ஆச்சி வெண்ணெய் உருக்கும்போது எங்களை அடுக்களைக்குள் விடமாட்டார். சலசலப்பு அடங்கி, நுரை ஓரம் ஒதுங்கி, அடியில் கசடு சிவக்கிற நேரம் அது. அதில் முருங்கை இலையைப் போட்டால் சடசடவென்று பொரியும். அப்படிப் பொரிந்தபோது ஒருமுறை மிளகளவு நெய் என் மணிக்கட்டில் தெறித்துவிட்டது. நான் போட்ட கூச்சலைக் கேட்ட ஆச்சி, கற்றாழைச் சோற்றைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஒரு துளிக்கே இப்படி அழுகிறாயே, சுசீந்திரத்தில் கையையே முக்கினார்களாம்."

கைமுக்கு என்ற சொல்லை நான் கேட்டது அன்றுதான். பழையாற்றங்கரையில் இருக்கும் தாணுமாலயன் கோயிலை இங்கே அறியாதவர் இல்லை. திருவிதாங்கூர் மன்னராட்சியில், ஒழுக்கக் கேடு செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரிகளை இந்தக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். பிறகு கையைத் துணியால் கட்டி, சில நாள் கழித்து அவிழ்த்துப் பார்ப்பார்கள். கை வெந்திருந்தால் குற்றவாளி, வேகாதிருந்தால் நிரபராதி. சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சிக் காலத்தில், அதாவது 1829க்கும் 1846க்கும் இடையில், இந்த வழக்கம் நிறுத்தப்பட்டது. இசைக்காக அவரைப் போற்றுகிறோம். இதற்காகவும் நாஞ்சில் நாட்டார் அவரைக் கைகூப்பி நினைக்க வேண்டும்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் குற்ற வழக்குகள் நடத்தியவன் நான். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், கைமுக்கை ஒரு கொடுமை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனம் வரவில்லை. சாஸ்திரம் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். யாக்ஞவல்கிய ஸ்மிருதி துலை என்ற தராசு, தீ, நீர், நஞ்சு, தெய்வத்தை நீராட்டிய நீரைக் குடித்தல் என்று ஐந்து சோதனைகளைச் சொல்கிறது. கொதிக்கும் நெய்யிலிருந்து பொற்காசு எடுக்கும் சோதனை பிற்கால நூல்களில் சேர்கிறது. ஆனால் அதே யாக்ஞவல்கியர் அதற்கு முன்பே ஒரு வரம்பு கட்டியிருக்கிறார். ஆவணம், அனுபோகம் என்ற நெடுநாள் கைவசம், சாட்சி, இந்த மூன்றும் இல்லாத இடத்தில்தான் தெய்வச் சோதனை. மனிதனால் கண்டுபிடிக்க முடிந்ததை மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்பது அதன் பொருள். விசாரிக்கிறவனின் சோம்பலுக்குக் கடவுளைத் துணைக்கு அழைக்கக் கூடாது. நான் பார்த்தவரை, அடித்து வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம் எல்லாம் ஒருவகைக் கைமுக்குதான்.

சுசீந்திரத்துக்கு அந்தப் பெயர் வந்த கதையும் ஒரு தண்டனைக் கதை. அகலிகையிடம் தவறு செய்த இந்திரன் கௌதமரின் சாபத்தைச் சுமந்து இங்கே வந்து சுத்தமானான், இந்திரன் சுசியான இடம் சுசீந்திரம் என்கிறது தலபுராணம். தேவர்களின் தலைவனுக்கும் விலக்கு இல்லை என்பதால் இந்தக் கதையின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அகலிகை? ஏமாற்றப்பட்டவள் கல்லாகிக் கிடக்க, ஏமாற்றியவனுக்கு ஒரு க்ஷேத்திரமே கிடைத்தது. கதை கேட்கும் பெண் குழந்தைகள் இதைக் கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். அந்தத் தீர்ப்பு சரியில்லை என்று சொன்னால் தெய்வக் குற்றம் ஆகிவிடாது.

தண்டனையால் மனிதன் சுத்தமாகிறான் என்ற எண்ணம் நம் நூல்களில் ஆழமாக வேரோடியிருக்கிறது. மகாபாரதத்தின் சாந்தி பருவத்தில் சங்கர், லிகிதர் என்று இரண்டு சகோதரர்கள். அண்ணன் இல்லாத நேரத்தில் அவருடைய ஆசிரமத்துக்கு வந்த தம்பி, மரத்திலிருந்து பழம் பறித்துத் தின்றுவிடுகிறார். திரும்பி வந்த அண்ணன், கேட்காமல் எடுத்தது திருட்டு, அரசனிடம் போய் ஒப்புக்கொள் என்கிறார். மந்திரிகளோடு எதிரே நடந்து வந்த சுத்யும்ன அரசன், தண்டிக்க அதிகாரம் உள்ளவனுக்கு மன்னிக்கவும் அதிகாரம் உண்டே என்று தயங்குகிறான். லிகிதர் விடவில்லை. கைகள் வெட்டப்படுகின்றன. ரத்தத்தோடு திரும்பிய தம்பியை அண்ணன் பாகுதை ஆற்றுக்கு அனுப்புகிறார். தர்ப்பணம் செய்ய நீரில் இறங்கியதும் கைகள் தாமரை போல முளைக்கின்றன. இவ்வளவு தவவலிமை இருந்தால் முதலிலேயே என்னைச் சுத்தமாக்கியிருக்கலாமே என்று தம்பி கேட்கிறார். அண்ணன் சொல்லும் பதில் எனக்கு மிகவும் பிடிக்கும். உன்னைத் தண்டிக்க நான் அதிகாரம் பெற்றவன் அல்லன், இப்போது நீயும் சுத்தமானாய், அரசனும் சுத்தமானான் என்கிறார். வீட்டில் அண்ணனுக்கு எவ்வளவு உரிமை இருந்தாலும் கோல் அவன் கையில் இல்லை. கள்ளன் என்று சந்தேகப்பட்டவனைத் தெருவில் கட்டிவைத்து அடிக்கும் கூட்டத்தை நினைத்துக்கொண்டு இந்த இடத்தைப் படித்துப் பாருங்கள்.

மனுவைச் சொல்லாமல் இந்த உரையை முடிக்க முடியாது. திருட்டுக்குச் சூத்திரனுக்கு 8 மடங்கு குற்றம் என்றால் வைசியனுக்கு 16, க்ஷத்திரியனுக்கு 32, பிராமணனுக்கு 64 என்று அவர் எழுதுகிறார். தெரிந்து செய்கிறவனுக்குச் சுமை அதிகம் என்ற நல்ல நியாயம் அதில் இருக்கிறது. அதே எட்டாம் அத்தியாயத்தில், பிராமணனுக்கு மரண தண்டனை கூடாது, மொட்டையடித்தால் போதும் என்கிறார். உயர்ந்த சாதிக்காரனைக் கடுஞ்சொல் சொன்ன சூத்திரனின் நாக்கை அறுக்கச் சொல்கிறார். முந்தியதை மட்டும் மேடையில் சொல்லிப் பிந்தியதை மறைப்பது நேர்மை ஆகாது. அந்தக் கோல் வளைந்த கோல்தான். ஆனால் மனு எழுதிய ஒன்றை நான் விடாமல் பிடித்துக்கொள்கிறேன். தண்டிக்கத் தகாதவனைத் தண்டிக்கும் அரசனுக்கும், தண்டிக்க வேண்டியவனை விட்டுவிடும் அரசனுக்கும் நரகம் என்கிறார். நமக்கு இதை மனு சொல்லித் தர வேண்டியதில்லை. யானோ அரசன், யானே கள்வன் என்று சொல்லி விழுந்த பாண்டியன் நம் இலக்கியத்தில் இருக்கிறான்.

சத்தியவானை சாவித்திரியின் கணவனாக மட்டும்தான் நாம் அறிவோம். சாந்தி பருவத்தில் அவன் தன் தந்தையோடு வாதாடுகிறான். மரண தண்டனைக்குக் கொண்டுபோகப்படும் சிலரைப் பார்த்து, ஒரு திருடனைக் கொன்றால் அவன் மனைவியையும் தாயையும் தந்தையையும் பிள்ளைகளையும் சேர்த்தல்லவா கொல்கிறோம், உயிரை எடுக்காத வழி பாருங்கள் என்கிறான். இந்த வாதத்தை முதலில் படித்தபோது நான் நினைத்துக்கொண்டது நம் ஊரைத்தான். 1956 நவம்பர் 1 வரை குமரி மாவட்டத்துக்காரர்களாகிய நாம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தவர்கள். அதற்கு முன் நாம் இருந்த திருவிதாங்கூர் அரசு, 1944ஆம் ஆண்டிலேயே மரண தண்டனையை நீக்கியது. பின்னர் இந்தியச் சட்டத்தோடு அது திரும்பி வந்தது.

இன்னும் ஒரு கதை. மாண்டவியர் மௌன விரதத்தில் இருந்தபோது கள்ளர்கள் திருட்டுப் பொருளை அவர் ஆசிரமத்தில் ஒளித்துவைக்கிறார்கள். வாய் திறக்காதவரைக் காவலர்கள் பிடித்துப்போக, அரசன் கழுவேற்றிவிடுகிறான். உயிர் போகவில்லை. பிழையை உணர்ந்த அரசன் இறக்குகிறான், கழுமரத்தை உருவ முடியாமல் அறுத்தெடுக்கிறார்கள். உடலில் தங்கிய முனையோடு அவர் தர்மதேவனிடமே போய், நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்கிறார். சிறுவயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தினாய் என்று பதில் வருகிறது. அந்த அளவுக்கு இந்தத் தண்டனையா என்று கொதித்த முனிவர், தர்மதேவனைப் பூமியில் பிறக்கும்படி சபிக்கிறார். அவன்தான் விதுரன். அதோடு ஒரு சட்டமும் செய்கிறார்: இனி பதினான்கு வயது வரை செய்வது பாவக் கணக்கில் சேராது.

எமதர்மனுக்கே தண்டனை கொடுத்த இந்தக் கதையை நான் ஒரு பையனால் தேடிப் படித்தேன். மேற்கே ரப்பர் தோட்டப் பக்கத்துப் பையன், வயது பதின்மூன்று. ஒட்டுப்பால் திருடினான் என்று வழக்கு. தாய் பால்வெட்டும் தொழிலாளி. சிரட்டையில் உறைந்து கிடந்த ஒட்டுப்பாலைப் பையில் அள்ளிப் போட்டிருக்கிறான். சிறார் நீதிமன்றத்தில் என் பக்கத்தில் நின்றபோது அவன் விரலிடுக்கில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்தது. பயத்தில் அதைத் தோல்போல உரித்து உரித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தான். சிறையில் போட்டால்தான் புத்தி வரும் என்று தோட்டத்துக்காரர் வெளியே சொல்லிக்கொண்டிருந்தார்.

மனு தண்டனையைப் படிப்படியாகச் சொல்வார். முதலில் சொல்லால் எச்சரிப்பது, பிறகு இடித்துரைப்பது, பிறகு பொருள், கடைசியில்தான் உடல். இன்றைய சிறார் நீதிச் சட்டமும், குழந்தைக்கு அறிவுரை சொல்லிக் கண்டித்து வீட்டுக்கு அனுப்புவதைத்தான் முதல் வழியாக வைத்திருக்கிறது. அன்று நீதிபதி எழுதியதும் அதுவே. "இனி எடுக்காதே, பள்ளிக்கூடம் போ" என்றார். பையன் தலையாட்டினான். பிறகு குனிந்து, தான் உரித்துப் போட்ட ரப்பர்த் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அம்மாவோடு நடந்தான்.

வணக்கம்.