துணிக்கூரைக் கண்காட்சிக்குப் போனால் முதலில் மூலையைப் பாருங்கள்

[காட்சி: ஜெத்தா ஹஜ் முனையத்தின் கூம்புக் கூரைகள், மேலிருந்து]

சவுதி அரேபியாவின் ஜெத்தா விமான நிலையத்தில் ஹஜ் பயணிகளுக்கான முனையம் 1981-ல் திறக்கப்பட்டது. கூரை முழுக்கத் துணி. ஒவ்வொன்றும் 45 மீட்டருக்கு 45 மீட்டர் அளவில் 210 கூம்புகள். துணி என்றதும் ‘தற்காலிகப் பந்தல்தானே’ என்பவர்களுக்கு இதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

இப்படி ஒரு கூரை எப்படி நிற்கிறது, இந்தத் துறையின் கண்காட்சிக்குப் போனால் எதைக் கவனிப்பது? முதல் கேள்விக்கு விடை தெரியாமல் அரங்குக்குள் நுழைந்தால், கையில் சேருவது வண்ணக் கையேடுகள் மட்டும்தான்.

[காட்சி: தட்டையாக விரித்துக் கட்டிய துணி, நடுவில் கை அழுத்த, குழி விழுகிறது]

துணியைத் தள்ளினால் சுருங்கிவிடும், மடக்கினால் மடங்கிவிடும். இழுத்தால் மட்டும்தான் அதற்குப் பலம். ஆகவே மழை கொட்டினாலும் காற்று தூக்கினாலும் துணி எந்த இடத்திலும் தொய்யாமல், இழுபட்டபடியே இருக்க வேண்டும். தட்டையாக எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் இது நடக்காது.

[காட்சி: சேண வடிவம்; எதிரெதிர் வளைவுகள் இரண்டு நிறங்களில்]

வழி, குதிரைச் சேணம் போன்ற வடிவம். ஒரு திசையில் துணி கீழ்நோக்கித் தொங்கும். அதற்குக் குறுக்குத் திசையில் மேல்நோக்கி வளையும். பனியும் மழையும் அழுத்தும்போது தொங்கும் திசை தாங்குகிறது. காற்று தூக்கும்போது மற்றத் திசை பிடித்து நிறுத்துகிறது. கூரையை ஏற்றும்போதே இரண்டு திசைகளும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டிருக்கும்படி முறுக்கிவிடுவார்கள். அதுதான் முன் இழுவிசை.

ஜெர்மானியக் கட்டடக் கலைஞர் ஃப்ரை ஓட்டோ இந்த வடிவங்களைச் சோப்பு நீரில் தேடினார். கம்பிச் சட்டத்தைச் சோப்புக் கரைசலில் முக்கி எடுத்தால், மிகக் குறைந்த பரப்பில், எல்லாத் திசையிலும் ஒரே இழுப்போடு ஒரு படலம் நிற்கும். மூலைகளின் உயரத்தை நாம் முடிவு செய்யலாம். நடுவில் வரும் வளைவு நம் கையில் இல்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக் கூரைக்கும் அவர் கம்பியில் மாதிரிகள் செய்து பார்த்தார். அந்தக் கூரை துணியல்ல, கேபிள் வலைமேல் அக்ரிலிக் பலகைகள். ஆனால் விதி அதேதான். இன்று சோப்பு நீரின் வேலையை மென்பொருள் செய்கிறது.

[காட்சி: தாழ்வான கூரையின் நடுவில் நீர் தேங்குகிறது, குழி மெல்லப் பெரிதாகிறது]

‘கொஞ்சம் தட்டையாக இருந்தால் அழகாக இருக்குமே’ என்று வாடிக்கையாளர் சொல்வார். இங்கே தலையாட்டிவிடக் கூடாது. இப்படிப்பட்ட கூரைத் துணி ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. அதே சதுர மீட்டரில் 10 செ.மீ. நீர் தேங்கினால் 100 கிலோ. எடை கூடக் கூடத் துணி நீள்கிறது, குழி ஆழமாகிறது, இன்னும் நீர் வந்து சேர்கிறது. தானாக நிற்காத விளையாட்டு இது. உயர மூலைக்கும் தாழ்ந்த மூலைக்கும் நல்ல வித்தியாசம் வைத்து, தண்ணீர் எந்த வழியாக இறங்கும் என்பதை வரைபடத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

அப்புறம் விளிம்பு. துணிக்கூரையின் ஓரங்கள் பெரும்பாலும் உள்நோக்கி வளைந்திருக்கும். அதற்குள் ஒரு கேபிள் ஓடும். துணி காயப்போடும் கொடிக்கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு நேராக இழுத்துக் கட்டுகிறோமோ, அவ்வளவு வேகமாக ஆணி பிடுங்கிக்கொள்ளும். அதே சுமைக்குக் கேபிளின் வளைவைப் பாதியாக்கினால் இழுப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த இழுப்பு முழுவதும், துணியும் கேபிள்களும் வந்து சேரும் மூலைத் தகட்டுக்கு வந்து, கம்பம் வழியாகவும் அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் பின்கட்டுக் கேபிள் வழியாகவும் தரைக்குப் போகிறது. அடித்தளத்தில் பல இடங்களில் பாரத்தைத் தாங்குவதைவிட, மேலே பிடுங்கிக்கொண்டு வராமல் பிடித்து வைப்பதே பெரிய வேலை.

[காட்சி: பெரிய மேசையில் துணி வெட்டும் இயந்திரம்]

வெட்டுவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நெய்யும்போது நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நேராக, இறுக்கமாக இருக்கும். குறுக்கே ஓடும் ஊடை நூல் அதன் மேலும் கீழும் நெளிந்து போகும். அதனால் இழுத்தால் ஊடைப் பக்கம்தான் பொதுவாக அதிகம் நீளும். இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் இழுத்துச் சோதித்து, எவ்வளவு நீளுமோ அந்த அளவு குறைத்து வெட்டுகிறார்கள். ஒரு சதவீதம்தானே என்று விட்டால், 20 மீட்டர் துணியில் 20 செ.மீ. தொய்வு.

[காட்சி: கண்காட்சி அரங்கு, தொங்கும் துணி மாதிரிகள்]

சரி, கண்காட்சிக்கு வருவோம். ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் டெக்டெக்ஸ்டில், தொழில்துறைத் துணிகளுக்கான பெரிய சந்தை. அமெரிக்காவில் அட்வான்ஸ்டு டெக்ஸ்டைல்ஸ் அசோசியேஷன் ஒன்று நடத்துகிறது. கூடாரமும் நிழற்கூரையும் தைப்பவர்கள் 1912-ல் தொடங்கிய சங்கம்தான் பெயர் மாறி இப்படி ஆகியிருக்கிறது. ஐரோப்பாவின் டென்சிநெட் கருத்தரங்கு வேறு மாதிரி: பொறியாளர்கள் கணக்கோடு வந்து வாதம் செய்யும் இடம். வாங்க வேண்டுமானால் முதல் இரண்டு, கற்க வேண்டுமானால் இது என்பது என் கணிப்பு.

அரங்கில் பழுப்பு நிறத்தில் ஒரு மாதிரியைக் கண்டால் அழுக்கு என்று ஒதுக்காதீர்கள். டெஃப்லான் பூசிய கண்ணாடி இழைத் துணி புதிதில் அப்படித்தான் இருக்கும். வெயில் பட்டுப் பட்டு வெளுக்கும். 30 ஆண்டுகூட உழைக்கும், ஆனால் அழுத்தி மடித்தால் இழை முறியும். பிவிசி பூசிய பாலியெஸ்டர் மடிப்புக்கு அஞ்சாது, விலையும் குறைவு, ஆயுளும் குறைவு. கழற்றி மாட்டும் கூரைக்கு இது, நிலையான கூரைக்கு அது.

[காட்சி: மூலைத் தகடு, மிக அருகில், கேபிள் முனை, திருகாணி]

துணியைத் தொட்டுப் பார்த்ததும் மூலைக்குப் போங்கள். கேபிள்களின் மையக் கோடுகள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றனவா? இல்லையென்றால் தகடு முறுக்கிக்கொள்ளும். தகட்டின் ஓரம் துணியை உரசும் இடத்தில் மழுங்க இழைத்திருக்கிறார்களா? காலப்போக்கில் துணி தளரும்போது மறுபடி முறுக்க, திருகாணியில் இடம் மிச்சம் இருக்கிறதா? விற்பவரிடம் இரு திசைச் சோதனை அறிக்கையைக் கேளுங்கள். எந்தத் துணிக்கு எடுத்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வேறொரு ரகத்தின் அறிக்கையை வைத்து உங்கள் துணியை வெட்ட முடியாது.